மொட்டைமாடி வேண்டாம், பொட்டலே வேண்டும்: விமானம் இறக்கும் ஆண்டெனாக்களை எங்கே நடுவது?

காரைக்குடியில் மின்னணுவியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: "செட்டிநாடு கால்நடைப் பண்ணைப் பக்கம் போர்க்காலத்து ஓடுதளம் கிடக்கிறது. அங்கே மறுபடியும் விமானம் வரும் என்று வைத்துக்கொள்வோம். செயற்கைக்கோளை நம்பி விமானத்தை இறக்கத் தரையில் மூன்று நான்கு ஆண்டெனா வேண்டும் என்கிறார்கள். வானம் தெரிந்தால் போதாதா? டெர்மினல் மொட்டைமாடியில் நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கேபிளும் மிச்சம், ஆடு மாடு தொல்லையும் இல்லை. எதற்குப் பொட்டலில் கொண்டுபோய் நடுகிறார்கள்?"

மொட்டைமாடி வேண்டாம், தம்பி. எனக்குச் சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம். விமானங்களுக்கு வழிகாட்டும் கருவிகளோடு இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன். இந்த ஆண்டெனாவுக்கு இடம் தேடி வெயிலில் நடந்த நடை கொஞ்சமில்லை. எங்கே நடுகிறோம் என்பதுதான் இதில் பாதி வேலை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் வேலை செய்யும் விதம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கிருந்து வரும் சிக்னல் வானத்தில் தாமதமாகிறது. செயற்கைக்கோளின் கடிகாரத்திலும் பாதைக் கணக்கிலும் சிறு பிழைகள் இருக்கின்றன. ஒரு நானோ நொடி பிசகினால் 30 சென்டிமீட்டர் பிசகு. இந்தப் பிழைகள் அக்கம்பக்கத்தில் இருக்கும் எல்லா ரிசீவருக்கும் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால், தான் இருக்கும் இடத்தைத் துல்லியமாக அறிந்த ஒரு ரிசீவரைத் தரையில் வைத்தால், 'இந்தச் செயற்கைக்கோள் இவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும், ஆனால் இவ்வளவு என்று காட்டுகிறது' என்று கழித்துப் பிழையைக் கண்டுபிடித்துவிடும். அந்தத் திருத்தத்தை நொடிக்கு இரண்டு தடவை ரேடியோவில் அனுப்புகிறோம். சுற்றுவட்டாரத்தில் 40 கிலோமீட்டர் போல இருக்கும் விமானங்கள் அதை வாங்கித் தங்கள் கணக்கைச் சரிசெய்துகொள்கின்றன. இந்த ஏற்பாட்டுக்கு ஜிபிஏஎஸ் என்று பெயர். ஓடுபாதை ஓரத்தில் நின்று ரேடியோ அலையால் விமானத்தை இறக்கும் பழைய கருவியான ஐஎல்எஸ் என்றால் ஓடுபாதையின் ஒவ்வொரு முனைக்கும் தனித்தனி. இதில் ஒரே நிலையம் எல்லா முனைக்கும் போதும். ஜெர்மனியில் பிரேமனும் அமெரிக்காவில் நியூவர்க்கும் 2012-லும், சிட்னி 2014-லும் இதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தன.

இங்கேதான் சிக்கல் இருக்கிறது. தரை ஆண்டெனா கேட்பதில் வானத்தின் பிழையும் இருக்கும், அந்த இடத்துக்கே உரிய பிழையும் இருக்கும். வானத்தின் பிழை விமானத்துக்கும் பொது, கழித்தால் போய்விடும். இடத்தின் பிழை விமானத்துக்கு இல்லாதது. அதைக் கழிக்கப்போனால் விமானத்தின் கணக்கில் புதிதாக ஒரு பிழையைச் சேர்த்துவிடுவோம். அதுவும் ஒரு விமானத்துக்கு அல்ல, அந்த நேரத்தில் இறங்கும் அத்தனைக்கும். மேகம் தாழ்ந்த நாளில் விமானி 200 அடி வரை ஓடுபாதையைப் பார்க்காமலே இறங்கி வருகிறார். அந்த உயரத்தில் மேல்கீழாக 10 மீட்டருக்கு மேல் பிழை இருந்து, எச்சரிக்கை இல்லாமல் போகக் கூடாது என்பது உலகம் முழுக்க உள்ள வரம்பு. மாடியில் மிச்சம் பிடித்த கேபிள் காசு இந்த 10 மீட்டரில் போய்க் கை வைக்கும்.

இடத்தின் பிழை என்றால் பெரும்பாலும் எதிரொலிதான். கானாடுகாத்தானில் ஆளில்லாத பெரிய வீடு ஏதாவது ஒன்றின் பட்டாலையில் நின்று பேசிப் பார்த்திருக்கிறீர்களா? நாம் பேசியது முடிவதற்குள் சுவரும் தளமும் அதையே திருப்பிச் சொல்லும். எது முதல் சொல், எது திரும்பி வந்தது என்று காது குழம்பும். அதே பட்டாலையில் கல்யாணத்துக்கு ஜமுக்காளம் விரித்து ஆட்கள் உட்கார்ந்ததும் எதிரொலி அடங்கிவிடும். ஆண்டெனாவுக்கும் இதே கதைதான். செயற்கைக்கோளிலிருந்து நேராக வந்த சிக்னலோடு, தரையிலும் தகரத்திலும் பட்டுத் திரும்பிய சிக்னலும் கொஞ்சம் பிந்தி வந்து ஒட்டிக்கொள்கிறது. ரிசீவர் இரண்டையும் சேர்த்து அளந்து தூரத்தைக் கூட்டியோ குறைத்தோ சொல்கிறது.

கணக்கைப் பாருங்கள். தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் ஆண்டெனா. செயற்கைக்கோள் அடிவானத்திலிருந்து 10 டிகிரியில் இருந்தால் தரையில் பட்டு வரும் சிக்னல் ஒரு மீட்டர் போலக் கூடுதலாகப் பயணிக்கிறது. 30 டிகிரியில் 3 மீட்டர். இவ்வளவு குறைந்த தாமதத்தை ரிசீவரால் பிரித்தெடுக்க முடியாது. தூரத்து எதிரொலியை ஒதுக்கலாம்: ஜிபிஎஸ் சிக்னலில் வரும் குறியீட்டின் ஒரு துண்டு 293 மீட்டர் நீளம், அதைவிடப் பிந்தி வருவதை ரிசீவரே தள்ளிவிடும். எதிரொலி சுவருக்குப் போய்த் திரும்புவதால் தூரம் இரட்டிப்பாகும். அதனால்தான் பெரிய உலோகச் சுவர் 150 மீட்டருக்கு அப்பால் போய்விட்டால் எங்களுக்கு மூச்சு வருகிறது.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. அளவைகளை 100 நொடிக்குச் சராசரி எடுத்துத்தான் அனுப்புகிறோம். தூரத்துச் சுவரின் எதிரொலி, செயற்கைக்கோள் நகர நகர வேகமாக ஏறி இறங்கும், சராசரியில் கரைந்துவிடும். பக்கத்தில் இருக்கும் பொருளின் எதிரொலி ஒருமுறை ஏறி இறங்கச் சில நிமிடங்கள் ஆகும். 100 நொடிச் சராசரி அதை என்ன செய்யும்? அப்படியே விமானத்துக்குப் போய்ச் சேரும். மொட்டைமாடியில் என்ன இருக்கிறது என்று எண்ணுங்கள்: கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, ஏசி எந்திரங்கள், இடிதாங்கி, மற்ற ரேடியோக்களின் கம்பங்கள். எல்லாமே பத்தடிக்குள். போதாததற்கு முன்னால் விமானங்கள் வந்து நிற்கும் தளம். ஏ320 விமானத்தின் வால் கிட்டத்தட்ட 12 மீட்டர் உயரம். அலுமினியச் சுவர் ஒன்று வந்து வந்து போகிற இடம் அது. நிலையாக நிற்கும் சுவரையாவது கணக்கில் பிடிக்கலாம்.

ஆண்டெனாவும் காரின் மேல் ஒட்டும் வட்ட வில்லை போன்றது இல்லை. ஆள் உயரத்துக்கு நெட்டையாக, உள்ளே வரிசையாக அடுக்கிய உறுப்புகளோடு இருக்கும். அடிவானத்துக்கு மேலே காது, கீழே செவிடு என்பது அதன் வடிவமைப்பு. ஜிபிஎஸ் அலை வலப்புறமாகத் திருகிக்கொண்டு வரும். ஒருமுறை பட்டுத் திரும்பினால் பெரும்பாலும் இடப்புறமாக மாறிவிடும். நல்ல ஆண்டெனா இடத்திருகலை வாங்காது. இவ்வளவு செய்தும் பாக்கி நிற்கும் எதிரொலிக்குத்தான் இடத்தேர்வு.

வானம் தெரிவதற்கும் அளவு உண்டு. அடிவானத்திலிருந்து 5 டிகிரிக்கு மேல் எதுவும் மறைக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால், 20 மீட்டர் பனைமரம் ஒன்று ஆண்டெனாவிலிருந்து 200 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். நம் பக்கம் பனைக்குப் பஞ்சமா? வெட்டிவிடலாம் என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். நான் ஆண்டெனாவைத் தள்ளி வைக்கவே பார்ப்பேன்.

என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். ஒரு விமான நிலையத்தில் இடம் பார்க்கச் சோதனை ஆண்டெனா நட்டு, நாள் கணக்கில் டேட்டா எடுத்துக்கொண்டிருந்தோம். முதல் வாரம் பளிங்கு மாதிரி வந்தது. திடீரென்று ஒருநாள் மதியம் 3.40-க்கு ஒரு செயற்கைக்கோளின் அளவில் மட்டும் மேடு. கூட இருந்தவர், "யாரோ அந்த நேரத்துக்கு வயர்லெஸ் போடுகிறார்கள்" என்றார். மறுநாள் காத்திருந்தோம். மேடு வந்தது, ஆனால் 3.36-க்கு. அதற்கு அடுத்த நாள் 3.32. அப்போதே தெரிந்துவிட்டது. மனுஷர் செய்கிற காரியம் கடிகாரத்தைப் பார்த்து வரும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் தினமும் நான்கு நிமிடம் முந்தி அதே இடத்துக்கு வரும். நான்கு நிமிடம் முந்துகிற பிழை என்றால் ஏதோ ஒரு பொருள் தரையில் அசையாமல் நிற்கிறது, செயற்கைக்கோள் அதைக் கடக்கும்போதெல்லாம் எதிரொலிக்கிறது என்று பொருள். அந்தச் செயற்கைக்கோள் எந்தத் திசையில், எவ்வளவு தாழ்வில் என்று கணக்குப் போட்டு, ஆண்டெனாவுக்குப் பின்னால் போய் நின்று எதிர்த் திசையில் பார்த்தேன். பதினைந்து மீட்டரில் புதுத் தகரக் கொட்டகை. ஒப்பந்ததாரர் சிமெண்ட் மூட்டை நனையாமலிருக்கப் போட்டது. வெயிலில் பளபளத்துக்கொண்டு நின்றது. பிரித்து எடுத்த மறுநாள் மேடும் இல்லை. அவர்மேல் குற்றமில்லை. அந்தக் கம்பத்தைச் சுற்றித் தகரம் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். ஒருவேளை அது நாங்கள் அளந்து முடித்துப் போன பிறகு முளைத்திருந்தால்? அந்த எண்ணம் இன்றைக்கும் என்னை விடவில்லை.

இனி, ஏன் மூன்று நான்கு, ஏன் பக்கத்தில் பக்கத்தில் கூடாது? ஒவ்வொரு ஆண்டெனாவும் தனித்தனியாகத் திருத்தம் கணக்கிடும். ஒன்றை ஒதுக்கிவிட்டு மற்றவற்றின் சராசரியோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒன்று மட்டும் விலகினால் அதை ஒதுக்கலாம். நாலும் ஒரே சுவரின் எதிரொலியைக் கேட்டுக்கொண்டிருந்தால் நாலும் ஒன்றாகவே பொய் சொல்லும். ஒப்பிட்டுப் பார்த்தாலும் பிடிபடாது. ஒரே வீட்டு ஆட்கள் நாலு பேர் சாட்சி சொல்வது மாதிரி. நூறு மீட்டருக்கு மேல் இடைவெளி விட்டு, ஒரே நேர்கோட்டில் இல்லாமல் கலைத்து வைப்பது இதனால்தான்.

கலைத்து வைப்பதற்கு இன்னொரு காரணத்தை நியூவர்க் விமான நிலையம் சொல்லிக்கொடுத்தது. அதை ஒட்டியே பெரிய நெடுஞ்சாலை போகிறது. முதலாளி தன் வண்டியைக் கண்காணிக்கக் கூடாதென்று ஜிபிஎஸ்ஸைக் குழப்பும் சின்னக் கருவியைச் சிலர் வண்டியில் செருகிக்கொண்டு போனார்கள். வண்டி கடக்கும்போதெல்லாம் ஆண்டெனாக்கள் காது அடைத்தன. 2012-ல் பிடிபட்ட ஓட்டுநர் ஒருவருக்கு மறுவருடம் ஏறத்தாழ 32,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. செயற்கைக்கோள் சிக்னல் தரைக்கு வரும்போது அவ்வளவு மெலிந்திருக்கும். கையளவு கருவி போதும், மூழ்கடிக்க. திருச்சி - ராமேசுவரம் சாலை நம் பக்கமாகத்தான் போகிறது. சாலையை ஒட்டிய மூலையில் நாலையும் கொத்தாக வைத்தால் ஒரு லாரி நாலையும் வாயடைக்கும்.

விமான நிலையத்துக்கென்று உள்ள மற்ற விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய ஓடுபாதையின் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 140 மீட்டர் வரை தடை எதுவும் இருக்கக் கூடாது, அதற்கப்பால் ஏழு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சரிவுக்குள் அடங்கியிருக்க வேண்டும். விமானம் வழிதவறி மோதினால் கம்பம் முறிந்து விழும்படி செய்திருக்க வேண்டும். ஐஎல்எஸ் இருந்தால் அதன் முன்னால் போய் நிற்கக் கூடாது. சுற்றிலும் கம்பி வலை வேலி போட்டால் அதுவே எதிரொலிக்கும், உலோகமில்லாத ஃபைபர் கிளாஸ் வேலி நல்லது. திருத்தத்தை அனுப்பும் ரேடியோ ஆண்டெனா வேறு. ஓடுபாதையில் இறங்கும் விமானத்துக்கு மறைவில்லாமல் தெரிகிற இடம் அதற்கு வேண்டும். கேட்கிற ஆண்டெனாவுக்குத் தேவை அமைதி. இரண்டுக்கும் ஒரே இடம் சரிப்படாது.

ஆண்டெனா நிற்கும் புள்ளியைச் சென்டிமீட்டர் கணக்கில் அளக்க வேண்டும். அளவில் 30 சென்டிமீட்டர் தவறினால் இறங்குகிற ஒவ்வொரு விமானமும் அதே 30 சென்டிமீட்டர் தவறும். நம் பக்கத்தில் இதில் ஒரு பொறி இருக்கிறது. செயற்கைக்கோள் அளக்கும் உயரம் கடல் மட்டத்திலிருந்து அல்ல, பூமிக்கு வைத்த கணித வடிவத்திலிருந்து. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் புவியீர்ப்பு குறைவாக இருப்பதால், அங்கே கடல் மட்டமே அந்த வடிவத்துக்கு நூறு மீட்டருக்கு மேல் கீழே கிடக்கிறது. நமக்கும் 90 மீட்டர் அளவில் வித்தியாசம். காரைக்குடி கடல் மட்டத்துக்கு 80 மீட்டர் போல மேலே இருந்தும், செயற்கைக்கோள் கணக்கில் உயரம் கழித்தல் குறியோடு வரும். பழைய வரைபடத்தின் உயரத்தை எடுத்து அப்படியே எழுதிவிட்டால் 90 மீட்டர் தவறு. பார்த்தவுடன் தெரிகிற பெரிய தவறு என்பதால் பிடித்துவிடுவார்கள். சின்னத் தவறுகள்தான் ஒளிந்திருக்கும்.

இப்போது நம் வானம். கேரளத்தின் தும்பாவில் 1963 நவம்பர் 21-ஆம் தேதி முதல் ராக்கெட் விட்டார்களே, அந்த இடத்தை ஏன் எடுத்தார்கள்? பூமியின் காந்த நடுக்கோடு அந்தப் பக்கமாகப் போவதால். அந்தக் கோட்டை ஒட்டியதுதான் நம் செட்டிநாட்டு வானமும். பொழுது சாய்ந்த பிறகு இங்கே உயர்வானத்து மின்மண்டலத்தில் குமிழிகள் போன்ற வெற்றிடங்கள் கிளம்பி மேலே எழும். மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாதங்களில், சூரியன் கொந்தளிக்கும் வருஷங்களில், இரவு ஏழு மணிக்கு மேல் அதிகம். குமிழியின் ஒரு விளிம்புக்கு இந்தப் பக்கம் ஆண்டெனா, அந்தப் பக்கம் விமானம் என்றால், இருவருக்கும் பிழை ஒன்றே என்ற அடிப்படையே ஆட்டம் கண்டுவிடும். அமெரிக்காவில் 2003 நவம்பர் காந்தப் புயலில் கிலோமீட்டருக்கு 412 மில்லிமீட்டர் வரை தாமதம் மாறியதைக் கண்டார்கள். நடுக்கோட்டுக்கு அருகே இதைவிட மோசமாகவும் போகும். அங்கே எப்போதோ வரும் புயலுக்கு வகுத்த வரம்பு நமக்கு அப்படியே ஒத்துவராது.

இடத்தேர்வால் குமிழியைத் தடுக்க முடியாது. ஆனால் ஆண்டெனாக்களுக்கிடையே ஏற்படும் சிறு வித்தியாசத்தை வைத்தும் குமிழி வருவதைத் தரைநிலையம் மோப்பம் பிடிக்கிறது. தகரக் கொட்டகையின் எதிரொலியும் அதே அளவு வித்தியாசம் காட்டினால் எது வானத்தின் குறை, எது தரையின் குறை என்று எப்படிப் பிரிப்பது? எச்சரிக்கையைத் தளர்த்தினால் ஆபத்து. இறுக்கினால் நல்ல நாளிலும் சேவை நின்றுபோகும். ஆகவே மற்ற நாடுகளைவிட நம் பக்கத்துக்கு இடம் இன்னும் சுத்தமாக வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வேன்.

செட்டிநாட்டுப் பொட்டல் வெளிப்பார்வைக்கு லட்சணமான இடம். சமதளம், மலை இல்லை, உயர்ந்த கட்டடம் இல்லை. ஆனால் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. கோடையில் வறண்ட செம்மண், சிக்னலைக் கொஞ்சம்தான் திருப்பும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே பள்ளத்தில் தண்ணீர் தேங்கினால் கண்ணாடி. பக்கத்துக் கண்மாய் நிறைந்தால் இன்னொரு கண்ணாடி. அதனால் இடத்தைச் சித்திரையில் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை என்று இரண்டு தடவை அளக்க வேண்டும். சீமைக்கருவேலம் கேட்கவே வேண்டாம். இரண்டு மழை கண்டால் ஆண்டெனா உயரத்துக்கு வந்துவிடும். மயிலுக்கு உயரமான கம்பம் கண்டால் போதும், ஏறி உட்கார்ந்துகொள்ளும். எலி கேபிளைக் கடிக்கும், இடி கேபிள் வழியாக உள்ளே வரும். செம்புக் கம்பிக்குப் பதில் ஒளியிழைக் கேபிள் போட்டால் இடிக்காவது பயமில்லை.

இதனால்தான் ஆண்டெனா நடுவதை நான் ஒருநாள் வேலையாகப் பார்ப்பதில்லை. நட்ட நாளில் அந்தச் சுற்றுவட்டம் எப்படி இருந்ததோ, இருபது வருஷமும் அப்படியே இருக்க வேண்டும். புதுக் கொட்டகை, புது விளக்குக் கம்பம், தற்காலிகமாக நிறுத்தும் கிரேன் எதுவானாலும் முதலில் ஆண்டெனாக்காரரைக் கேட்க வேண்டும். புல்லறுக்க வருகிறவர் வரைக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நிலையத்தின் வரைபடத்தில் அந்த வட்டத்தைச் சிவப்பில் போட்டுக் கையெழுத்து வாங்காமல் நான் எந்த இடத்துக்கும் சம்மதம் சொன்னதில்லை.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நாளைக்கே செட்டிநாட்டில் சின்ன விமானங்கள் வந்தால், முதலில் ஜிபிஏஎஸ் போடச் சொல்ல மாட்டேன். நம்மிடம் ககன் இருக்கிறது. இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து செய்தது. நாடு முழுக்கப் பதினைந்து தரைநிலையங்கள் அளந்து, திருத்தம் புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாக வருகிறது. இறங்கும் விமான நிலையத்தில் ஆண்டெனாவே தேவையில்லை. 2015-ல் இறங்குவதற்கான சான்று பெற்றது. 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி ராஜஸ்தானில் கிஷன்கட் என்ற சின்ன விமான நிலையத்தில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் இதை வைத்து இறங்கிக் காட்டியது. நம் ஊர் அளவுக்கு அதுவே தாராளம். ஜிபிஏஎஸ், போக்குவரத்து நெரிசலும் பல ஓடுபாதைகளும் உள்ள பெரிய நிலையங்களுக்கு. சென்னையைத்தான் அதற்குச் சோதனைக் களமாக எடுத்தார்கள்.

ஆனாலும் படிப்புக்காக நீங்கள் இதைச் செய்து பார்க்கலாம், தம்பி. கல்லூரியிலிருந்து இரண்டு ரிசீவர் வாங்குங்கள். ஒன்றைக் கல்லூரி மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். இன்னொன்றை ஊருக்கு வெளியே, அனுமதி வாங்கிய ஒரு பொட்டலில், சுற்றி 150 மீட்டருக்கு எதுவும் இல்லாத இடத்தில். ஐந்து நாள் இடைவிடாமல் பதிவு செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு நாள் வரைபடத்தையும் முந்தைய நாளுக்கு நான்கு நிமிடம் நகர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். மாடி ரிசீவரில் ஐந்து நாள் கோடும் ஒன்றின்மேல் ஒன்று அச்சாக விழும் இடங்கள் தெரியும். அந்த நேரத்தில் அந்தச் செயற்கைக்கோள் எங்கே இருந்தது என்று பார்த்து, எதிர்த் திசையில் திரும்பி நில்லுங்கள். தொட்டி அங்கே இருக்கும். ஐந்து நாளில் ஒருநாள் தொட்டிமேல் ஈரச் சாக்கைப் போர்த்திப் பார்த்து, கோடு எவ்வளவு மாறுகிறது என்று எனக்கு எழுதுங்கள்.